கணித மேதையின் மனசு

சீனிவாச ராமானுஜன் என்றாலே கணக்குதான் ஞாபகம் வரும். நான் அவருடைய மனசைப் பற்றி எழுதுகிறேன்.

22-12-1887ல் ஈரோட்டில் பிறந்தார். கும்பகோணத்தில் வளர்ந்தார். கல்லூரியில் கணக்கைத் தவிர மற்றதில் கோட்டை விட்டதால் உதவித்தொகை போச்சு. 1905ல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினம் ஓடிப்போனார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து, அங்கேயும் பெயில். வருத்தம் இல்லாமலா இருந்திருக்கும்? ஆனா சிலேட்டில் எழுதி, முழங்கையால அழிச்சு அழிச்சு கணக்குப் போட்டுக்கிட்டேதான் இருந்தார். இது சாதாரண சோகம். நான் அரையாண்டில் கணக்கில் 31 வாங்கி மூணு நாள் அழுதேன். நாலாம் நாள் பாண்டி ஆடப் போயிட்டேன். அந்த மாதிரி.

1914ல் இங்கிலாந்து போனார். அதே வருஷம் முதல் உலகப்போர். அவர் சைவம், காய்கறி சரியாகக் கிடைக்கவில்லை. குளிர் வேறு. மனைவி ஜானகியிடமிருந்து கடிதமும் வரவில்லை. ஒருநாள் விருந்துக்கு வந்தவர்கள் மூணாம் தடவை ரசம் வேண்டாம் என்றதும், மனசு நொந்து வீட்டை விட்டே கிளம்பி ஆக்ஸ்ஃபோர்டு போய்விட்டாராம்! சிரிக்கத் தோணும். எனக்கு சிரிப்பு வரல.

1917ல் உடம்பும் கெட்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக இருந்தார். 1918 தொடக்கத்தில் உயிரை விடத் துணிந்தார். நல்லவேளை, காப்பாற்றிவிட்டார்கள். ராயல் சொசைட்டியில் அவரைச் சேர்க்கச் சொல்லி பெரியவர்கள் கையெழுத்துப் போட்டிருந்த சமயம் அது. மே மாதம் உறுப்பினரும் ஆனார். பெருமை வந்துகிட்டு இருக்கும்போதே மனசு இருண்டு கிடந்திருக்கு. அவருக்கு இருந்தது மனச்சோர்வு நோய்தான் என்று இப்போது பலர் எழுதுகிறார்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல், நாள் முழுக்க, எதிலும் ஆசை இல்லாமல், தூக்கம் சாப்பாடு கெட்டு இருந்தால் அது நோயாக இருக்கலாம். டாக்டரிடம் காட்டணும். எங்க சித்தி ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போய்க்கிட்டு இருந்தவங்க. பாப்பா பிறந்தப்புறம் அப்படித்தான் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தாங்க. காத்துக்கருப்பு என்று மந்திரிச்சாங்க, சோம்பேறி என்று திட்டினாங்க. மாத்திரை சாப்பிட்ட பிறகுதான் தேறினாங்க. 14416க்கு போன் பண்ணினால் காசு இல்லாமல் பேசலாம், தமிழிலேயே.

ராமானுஜன் 1919ல் ஊர் திரும்பினார். சென்னையில் படுத்த படுக்கையிலும் கணக்குப் போட்டார். 26-4-1920ல் 32 வயதில் காலமானார். அவர் எழுதிய தாள்களை ஜானகி அம்மாள்தான் சேர்த்து வைத்தார்.

– 9ஆம் வகுப்பு மாணவி