பட்டியலும் மனமும்

புதுவைக் கடற்கரைச் சாலையில் மாலைக் காற்று வாங்குவோரில் எத்தனை பேர் அச்சாலையின் பெயருக்கு உரியவரை எண்ணிப் பார்க்கிறார்கள்? பெரிய அங்காடிக்குப் போனாலும் அதே பெயர்தான். எதுவார் குபேர்! வாக்குச் சீட்டை நம்பி வாழும் நமக்கு அவர் வாழ்வு ஒரு பாடம்.

1894-ல் புதுவையில் பிறந்தார். தந்தை வழியில் பிரெஞ்சு இரத்தம், தாய் வழியில் இந்திய இரத்தம். பிரெஞ்சிந்திய சோசலிஸ்டுக் கட்சியின் தலைவராய் உயர்ந்தார். இந்தியாவோடு இணைவதா, பிரான்சோடு இருப்பதா என்பதை மக்களே வாக்களித்து முடிவு செய்வர் என்று 1948-ல் ஒப்பந்தமாயிற்று. சந்திரநாகூர் மக்கள் 1949 சூன் 19-ல் வாக்களித்தனர்: இந்தியாவுக்கு 7473, பிரான்சுக்கு 114. புதுவையிலோ அந்த நாள் வரவேயில்லை!

ஏன் வரவில்லை? 1948 நகராட்சித் தேர்தலில் குபேரின் கட்சி வென்றது; அன்று அது பிரான்சின் பக்கம் நின்றது. 1951-ல் அவர் பாரிசு நாடாளுமன்ற உறுப்பினரானார். அதே ஆண்டு நிலைமையை அறிய வந்த நடுநிலைப் பார்வையாளர்களுக்கு, வாக்காளர் பட்டியலிலேயே நம்பிக்கை பிறக்கவில்லை. பட்டியல் பழுதென்றால் அதிலிருந்து வரும் முடிவு மக்கள் மனமாகுமா?

மனம் வேறாக இருந்தது. குபேரும் அதை உணர்ந்தார். 1954 மார்ச்சில் இணைப்பின் பக்கம் திரும்பினார். நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடி பறந்தது. அக்டோபர் 18-ல் கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடினர். 170 பேர் இணைப்புக்கு ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. நவம்பர் 1-ல் ஆட்சி கைமாறியது.

முடிவு நல்ல முடிவே, மறுக்கவில்லை நாம். ஆயினும் 1936-ல் துப்பாக்கிச் சூட்டில் பன்னிரு தோழர்களைப் பலிகொடுத்த ஆலைத் தொழிலாளியின் கைக்கு அன்று சீட்டு வரவில்லையே! அவனுக்காகப் பிறர் கை தூக்கினர்.

1963-ல் குபேர் புதுவையின் முதல் முதலமைச்சரானார். 1964 தேர்தலுக்குப் பின் அப்பதவி வெங்கடசுப்பா ரெட்டியாரிடம் சென்றது. 1979-ல் குபேர் மறைந்தார்.

இதிலிருந்து நாம் கற்பதென்ன? அமெரிக்க மாநிலங்களில் வேட்பாளர் யார் என்பதையே கட்சி வாக்காளர்கள் முதனிலைத் தேர்தலில் தேர்ந்தெடுக்கிறார்கள். நம் கிளைகளிலும் வேட்பாளரை நிறுத்துமுன் தொண்டனைக் கேட்போம். பட்டியலைத் திருத்துவோம், சீட்டை மறைவாக வாங்குவோம், வந்த கணக்கை மேடையில் படிப்போம். நாலு பேர் அறைக்குள் பேசி, நாலாயிரம் பேர் மனம் அறிந்தோம் என்று சொல்லாதிருப்போம். சுவரொட்டி ஒட்டுகிறவனுக்கு மனம் இல்லையா, தோழர்களே?