நூலகத்தை விட்டு ஓடப் பார்த்த கணித ஆசிரியர்

கடந்த விடுமுறையில், ஜொகூரில் உள்ள எங்கள் வாசகர் குழுவின் நூல்களைக் கைப்பேசியில் தேட ஒரு சிறிய செயலி எழுதினேன். தரவுத்தளம் எஸ்கியூலைட். அதற்குத் தனி சர்வர் வேண்டியதில்லை, எல்லாம் ஒரே கோப்பில் அடங்கிவிடும். ஒவ்வொரு நூலும் எதைப் பற்றியது என்பதைக் காற்புள்ளி போட்டு ஒரே கட்டத்தில் திணித்தேன். விளைவு? ‘கலை’ என்று தேடினால் ‘பல்கலைக்கழகம்’ வந்து நின்றது. ‘வரலாறு’ என்று தேடினால் ‘வரலாற்று நாவல்’ வரவே இல்லை.

இரண்டு நாள் நிரலைக் குடைந்த பிறகுதான் புரிந்தது. பிழை நிரலில் இல்லை, நான் தரவை வகைப்படுத்திய விதத்தில் இருந்தது. இதே சிக்கலோடு நூறு ஆண்டுகளுக்கு முன்பே மல்லுக்கட்டியவர் எஸ்.ஆர். ரங்கநாதன்.

தஞ்சை மாவட்டத்துச் சீர்காழியில் 1892-இல் பிறந்தவர். பேச்சில் திக்கல் இருந்தும் ஆசிரியரானார். மங்களூரிலும் கோயம்புத்தூரிலும் பின்னர் சென்னை மாநிலக் கல்லூரியிலும் கணிதம் கற்பித்தார். ஆசிரியர் சம்பளம் போதவில்லை. 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் பதவியை ஏற்றுக்கொண்டார். சில நாளிலேயே தனிமை தாங்காமல் பழைய கல்லூரி முதல்வரிடம் போய், திரும்ப எடுத்துக்கொள்ளும்படி கேட்டார். முதலில் இங்கிலாந்து சென்று பயின்று வரட்டும், அப்போதும் பிடிக்காவிட்டால் பார்க்கலாம் என்று முதல்வர் அனுப்பி வைத்தார்.

இலண்டனில் அவரை உறுத்தியது டூயியின் தசம வகைப்பாடு. அதில் ஒவ்வொரு பொருளுக்கும் முன்கூட்டியே செய்த ஓர் அறை இருக்கும். ஆனால் ரப்பர் தோட்டங்களில் மலேரியா ஒழிப்பின் வரலாறு என்று ஒரு நூல் வந்தால்? மருத்துவமா, வேளாண்மையா, வரலாறா? ஏதோ ஓர் அறையில் போட்டால், மற்ற இரண்டிலும் தேடுகிறவருக்கு அந்த நூல் இல்லாதது போலத்தான்.

விடை கிடைத்தது செல்ஃப்ரிட்ஜஸ் கடையில். அங்கே மெக்கானோ என்ற விளையாட்டுப் பொருளைச் செய்து காட்டிக்கொண்டிருந்தார்கள். அதே தகடுகளையும் திருகாணிகளையும் மாற்றி மாற்றிப் பூட்டினால் வேறு வேறு பொம்மைகள் உருவாயின. நூலின் பொருளையும் இப்படித் துண்டு துண்டாகப் பிரித்து, வேண்டியபோது பூட்டலாமே என்று அவருக்குத் தோன்றியது. துண்டுகளை இணைக்கும் திருகாணியாக முக்காற்புள்ளியை வைத்தார். 1925-இல் ஊர் திரும்பியவர் மாநிலக் கல்லூரிப் பேச்சையே எடுக்கவில்லை. வாசகர்கள் தாமே அலமாரிக்குச் சென்று நூலை எடுக்க வழி செய்தார். 1931-இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளும், 1933-இல் கோலன் வகைப்பாடும் வெளிவந்தன.

எனக்கு மிகவும் பிடித்தது அதன் பிறகு நடந்ததுதான். எல்லா இணைப்புக்கும் ஒரே முக்காற்புள்ளி என்பது கைகொடுக்கவில்லை. எந்தத் துண்டு எந்த வகையைச் சேர்ந்தது என்பது தெளிவாக இல்லை. 1952-இல் வந்த நான்காம் பதிப்பில் காற்புள்ளி, அரைப்புள்ளி, முற்றுப்புள்ளி என ஒவ்வொரு வகைக்கும் வேறு குறி கொடுத்தார். அச்சாகிவிட்ட தம் சொந்தப் படைப்பையே அவர் விடாமல் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்.

நானும் பொருள்களைத் தனி அட்டவணையாகப் பிரித்து, நூலோடு இணைக்க இன்னோர் அட்டவணை வைத்தேன். தேடல் சரியானது. ஆனால் ஒரு நூலை நீக்கினால் அதன் இணைப்பு வரிகள் அநாதையாய் நின்றன. எஸ்கியூலைட்டில் ஃபாரின் கீ சோதனை வழக்கமாக அணைந்தே இருக்கும். ஒவ்வொரு முறை இணையும்போதும் பிராக்மா கட்டளை கொடுத்து அதை இயக்க வேண்டும். இதில் சிக்காத புதியவர் குறைவு.

ரங்கநாதன் 1945-இல் சென்னையை விட்டு, காசியிலும் டெல்லியிலும் பணியாற்றினார். அவர் பல ஆண்டுகள் போராடிய பொது நூலகச் சட்டம் 1948-இல் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. 1962-இல் பெங்களூரில் ஆவணமாக்க ஆய்வு மையத்தைத் தொடங்கி வைத்தார். அங்கேயே 1972 செப்டம்பர் 27-இல் காலமானார். அப்போதும் ஏழாம் பதிப்புக்கான திருத்தங்கள் முடிந்திருக்கவில்லை. அது 1987-இல்தான் வெளிவந்தது.