குரோமோசோமை இழுப்பது யார்? விடை தெரியாமலே மறைந்த வால்தர் ஃபிளெமிங்

நம் உடலில் ஒரு செல் இரண்டாகப் பிரியும் முன், அதிலுள்ள 46 குரோமோசோம்களும் நகலெடுக்கப்படும். பிறகு இரண்டு பக்கமும் சரிசமமாகப் போய்ச் சேரணும். ஒன்று வழி மாறினாலும் சிக்கல்தான். இந்தப் பிரிவை முதன்முதலில் விரிவாகப் பதிவு செய்தவர்களில் முக்கியமானவர், ஜெர்மனியின் வால்தர் ஃபிளெமிங்.

யார் இவர்?

1843-ல் ஷ்வெரின் நகருக்கு அருகே பிறந்தார். அப்பா மனநல மருத்துவர். ஃபிளெமிங்கும் மருத்துவம் படித்தார்; 1870-ல் தொடங்கிய பிரான்ஸ் - பிரஷ்யா போரில் ராணுவ மருத்துவராக இருந்தார். 1876-ல் கீல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனார். சம்பளத்தில் ஒரு பகுதியை வீடில்லாதவர்களுக்குக் கொடுத்தவர் என்றும் அறியப்படுகிறார்.

என்ன கண்டுபிடித்தார்?

அவர் ஆராய்ந்தது சாலமாண்டரின் லார்வாக்களை. பார்க்கப் பல்லி மாதிரி இருக்கும் இந்த உயிரினம், தவளையைப் போல நீரிலும் நிலத்திலும் வாழ்வது. இதன் செல்களும் குரோமோசோம்களும் பெரிசு என்பதால் நுண்ணோக்கியில் நன்றாகத் தெரியும்.

துணிக்கு நிறமேற்றப் பயன்பட்ட அனிலின் சாயங்களை அவர் செல்களில் ஏற்றினார். உட்கருவில் சாயத்தைப் பிடித்துக்கொண்ட பொருளுக்கு 'குரோமேட்டின்' என்று பெயர் வைத்தார். ஆனால் சாயம் ஏற்றுவதற்குள் செல் இறந்துவிடும். கிடைப்பதெல்லாம் அசையாத படங்கள். எது முதலில், எது அடுத்து? உயிருள்ள செல்களையும் பொறுமையாகப் பார்த்து, அந்தப் படங்களை வரிசைப்படுத்தினார். இழைகள் தடிக்கின்றன, நீளவாக்கில் இரண்டாகப் பிளக்கின்றன, எதிரெதிர்ப் பக்கம் நகர்கின்றன. இழை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து இதற்கு 'மைட்டாசிஸ்' என்று பெயரிட்டார். 1882-ல் இதெல்லாம் புத்தகமாக வந்தது.

சரி, இழுத்தது எது?

அதைக் கண்டறியும் கருவிகள் அன்று இல்லை. 1905-ல் ஃபிளெமிங் மறைந்தார். 1960-களில் டைனீன், 1985-ல் கைனசின் என்ற மோட்டார் புரதங்கள் அடையாளம் காணப்பட்டன. ஏடிபி என்ற வேதி எரிபொருளைச் செலவழித்து, செல்லுக்குள் இருக்கும் நுண்குழாய்கள் மேல் நடந்துபோகும் புரதங்கள் இவை. குரோமோசோம்களை வரிசையில் நிறுத்துவதிலும், செல்லின் இரு துருவங்களை விலக்குவதிலும் இவற்றுக்குப் பங்கு உண்டு. நுண்குழாய்கள் தேய்ந்து சுருங்குவதும் குரோமோசோம்களை இழுக்க உதவுகிறது.

இது ஏன் முக்கியம்?

கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது குரோமோசோம்கள் சரியாகப் பிரியாமல், குழந்தைக்கு 21-வது குரோமோசோம் ஒன்று கூடுதலாகக் கிடைத்தால் டவுன் சிண்ட்ரோம். புற்றுநோய் செல்களிலும் இந்தக் கணக்கு பெரும்பாலும் தப்பியிருக்கும். அந்த நோய்க்குத் தரப்படும் பாக்லிடாக்ஸல் மருந்து, நுண்குழாய்களை அசையவிடாமல் செய்துதான் செல் பிரிவைத் தடுக்கிறது. சாலமாண்டர் லார்வாவில் ஃபிளெமிங் பார்த்த அதே பிரிவைத்தான்!