பளிங்கின் துடிப்பறிந்த இராமன்

முழுமதி நாளிலே கல்லடிப் பாலத்தருகில் தோணியை நிறுத்தி, நீருள் ஊன்றிய துடுப்பின் மறுமுனையிற் காது வைத்து, வாவியின் அடியிலிருந்து எழும் ஓசையைக் கேட்டல் எம்மவர்க்குப் புதிதன்று. மேலே அசைவற்ற நீர், உள்ளே இசை. திண்ணிய பளிங்கினுள்ளும் ஓயாத துடிப்பொன்று உண்டு. அதனை ஆராய்ந்த தமிழ்ப் பேரறிஞர் சேர் சி. வி. இராமன் அவர்களின் வரலாற்றை இம்மலரிலே சுருங்கக் கூற விழைகின்றோம்.

இராமன் 1888 நவம்பர் 7 ஆந் திகதி திருச்சிராப்பள்ளியிற் பிறந்தார். தந்தையார் சந்திரசேகர ஐயர் கணிதமும் பௌதிகமும் கற்பித்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் 1907 இல் எம். ஏ. பட்டம் பெற்ற இராமன், நிதித் திணைக்கள உத்தியோகம் ஏற்றுக் கல்கத்தா சென்றார். பகலெல்லாம் கணக்கு, எஞ்சிய நேரமெல்லாம் ஆய்வு. பத்தாண்டின் பின், 1917 இல், பெருஞ் சம்பளத்தைத் துறந்து குறைந்த ஊதியமுள்ள பேராசிரியர் பதவியை விரும்பி ஏற்றார். வீணை, மிருதங்கம் ஆகியவற்றின் அதிர்வுகளையும் ஆராய்ந்தமையால், யாழ்நூல் தந்த எம் விபுலானந்த அடிகளாரோடு அவரை ஒருங்கு வைத்தெண்ணுதல் பொருந்தும். 1928 இல் ஒளிச்சிதறலிற் கண்ட இராமன் விளைவு 1930 இல் நோபல் பரிசை ஈட்டித் தந்தது.

அவ்விளைவு அணுக்களின் அதிர்வை ஒளியால் அறியும் வழியாயிற்று. 1940 இல் பெங்களூரிலே, மாணவர் நெடுங்காடியுடன் குவார்ட்சுப் பளிங்கைச் சூடாக்கி ஆராய்ந்தார். ஏறத்தாழ 573 பாகை சதமத்தில் அதன் அமைப்பு மாறும். அந்நிலையை நெருங்க நெருங்க ஓர் அதிர்வு தளர்ந்து தாழக் கண்டார். ஏறத்தாழ இருபதாண்டுகளின் பின், மட்கலம்போற் சுட்டெடுக்கும் பேரியம் தைத்தனேற்று முதலிய பொருள்கள் தாமே மின்முனைவு கொள்ளுதலைக் கொக்கிரனும் அண்டர்சனும் அத்தகைய தளர்வைக் கொண்டே விளக்கினர். அப்பொருளிலே தைத்தேனிய அணு ஒட்சிசன் கூட்டின் நடுவிலிருந்து சற்றே விலகுதலால் மின்முனைவு உண்டாகும். ஏறத்தாழ 120 பாகைக்கு மேல் மின்முனைவு மறையும். அணுவும் நடுவிடம் மீளும் என எண்ணினர். ஆயின், ஒழுங்கெனத் தோன்றும் அந்நிலையிலும் அணுக்கள் மூலைகளை நோக்கி ஒழுங்கின்றி விலகி நிற்பதற்கு, 1968 இற் பிரெஞ்சு அறிஞர் எக்ஸ்-கதிரால் அடையாளம் கண்டனர்.

பளிங்கதிர்வுக் கொள்கை பற்றி இராமன் மாக்ஸ் போணுடன் நெடுநாள் வாதிட்டார். அறிவுலகம் போணின் கொள்கையையே ஏற்றது. பெரியார் பிழைத்தவிடத்தை மறைத்தல் அவருக்குச் செய்யும் மரியாதையன்று. அவர் கொள்கை நிலைக்கவில்லை. கண்ணாற் கண்டு குறித்தது நிலைத்தது.

1948 இல் தாம் நிறுவிய ஆராய்ச்சி நிலையத்தில் இறுதிவரை உழைத்து, 1970 நவம்பர் 21 இல் மறைந்தார்.

மாணவர்காள், எமது ஆய்வுகூடம் சிறிதென்று சோராதீர். 1928 இல் அவர் கையாண்ட கருவிகளும் எளியனவே. கண்டதைக் கண்டபடி குறித்து வையுங்கள். உங்கள் விளக்கம் பிழைப்பினும் அக்குறிப்புப் பின்வருவோர்க்கு உதவும்.