வள்ளியம்மைக்கும் நம்ம வயசுதான்!



தீபாவளிக்குப் புடவை எடுக்க அம்மாவோட சென்னை எழும்பூருக்குப் போயிருந்தேன். அங்கே கோ-ஆப்டெக்ஸ் கட்டடத்துக்குத் தில்லையாடி வள்ளியம்மை மாளிகை என்று பெயர். யாரோ பணக்காரப் பாட்டி, இடத்தைத் தானமா கொடுத்திருப்பாங்கன்னு நினைச்சேன். அதை அம்மாகிட்ட சொல்லவும் செய்தேன். அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாங்க. அது பாட்டி இல்லை, பதினாறு வயசிலேயே இறந்துபோன பொண்ணு என்றாங்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எனக்கும் இப்போ பதினாறுதான்.

வரலாறு மிஸ்கிட்ட போய் கேட்டேன். நூலகத்திலிருந்து புத்தகங்கள் எடுத்துக் கொடுத்தாங்க. படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

கடல் தாண்டிய குடும்பம்

வள்ளியம்மை பிறந்தது தமிழ்நாட்டில் இல்லை. 1898 பிப்ரவரி 22இல் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரில் பிறந்தார். அப்பா முனுசாமி முதலியார், சிறு வியாபாரி. அம்மா மங்களத்தின் சொந்த ஊர், தரங்கம்பாடி பக்கத்தில் உள்ள தில்லையாடி. இப்போது அது மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கிறது. அம்மாவின் ஊர்ப் பெயர்தான் மகளின் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

நம்ம மக்கள் அவ்வளவு தூரம் ஏன் போனாங்க? நேட்டாலில் வெள்ளைக்காரர்களின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1860இல் சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் 342 பேரோடு டர்பனுக்குப் போய்ச் சேர்ந்தது. அவர்கள் ஒப்பந்தக் கூலிகள். ஐந்து வருஷம் உழைக்க வேண்டும். பின்னாலேயே வியாபாரிகளும் போனார்கள்.

உழைக்கிற வரைக்கும் இந்தியர்கள் நல்லவர்கள். ஒப்பந்தம் முடிந்து, சொந்தமாகத் தோட்டம் போட்டு, கடை வைத்துப் பிழைக்க ஆரம்பித்ததும் வெள்ளையர்களுக்குப் பிடிக்கவில்லை. சட்டம் மேல் சட்டமாகப் போட ஆரம்பித்தார்கள்.

என்னென்ன சட்டங்கள்?

1. மூன்று பவுன் வரி. 1895இல் நேட்டாலில் வந்தது. ஒப்பந்தம் முடிந்தவர் ஊர் திரும்ப வேண்டும், இல்லையென்றால் மறுபடி கூலியாகச் சேர வேண்டும். இரண்டும் முடியாதென்றால் வருஷத்துக்கு 3 பவுன் வரி. தோட்டக் கூலிக்கு முதல் வருஷச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங். அப்படியென்றால் ஆறு மாதச் சம்பளம் வரிக்கே சரியாப் போச்சு! 1903இல் இதைப் பிள்ளைகளுக்கும் நீட்டினார்கள். 16 வயது பையனும் 13 வயது பெண்ணும் தனித்தனியாகக் கட்ட வேண்டும். நம்ம பள்ளி எட்டாம் வகுப்புத் தங்கைகளை நினைத்துப் பாருங்கள்.

2. மொழிச் சோதனை. 1897இல் நேட்டால் போட்ட சட்டப்படி, புதிதாக வருகிறவர் ஐரோப்பிய மொழி ஒன்றில் விண்ணப்பம் எழுத வேண்டும். சட்டத்தில் ஆசியர் என்ற சொல்லே கிடையாது. ஆனால் தடுத்தது அவர்களைத்தான். இதைப் பார்த்து ஆஸ்திரேலியாவும் 1901இல் 50 சொற்கள் கொண்ட டிக்டேஷன் வைத்தது. எந்த ஐரோப்பிய மொழி என்பதை அதிகாரியே முடிவு செய்வார். தமிழில் நூற்றுக்கு நூறு வாங்குகிறவரும் அங்கே பெயில்தான்.

3. கைரேகைச் சட்டம். 1907இல் டிரான்ஸ்வாலில் வந்தது. ஆசியர்கள் பத்து விரல் ரேகையும் வைத்துப் பதிவு செய்து, போலீஸ் கேட்கும்போதெல்லாம் சீட்டைக் காட்ட வேண்டும். 1906இல் போட்ட முதல் வரைவில் பெண்களையும் சேர்த்திருந்தார்கள். எதிர்ப்பு வந்ததும் விட்டுவிட்டார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு சந்தேகம். போன வருஷம் எங்க அப்பாகூட விசாவுக்காகப் பத்து விரல் ரேகையும் வைத்துவிட்டு வந்தாங்க. அது தப்பா? மிஸ்கிட்ட கேட்டேன். எல்லாரிடமும் கேட்பது வேறு, ஒரு நிறத்தாரை மட்டும் குற்றவாளி மாதிரி நிறுத்திக் கேட்பது வேறு என்று விளக்கினாங்க. அப்போதான் புரிந்தது.

4. திருமணத் தீர்ப்பு. 1913 மார்ச்சில் கேப் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. கிறிஸ்தவ முறைப்படி நடக்காத, பதிவு செய்யாத திருமணம் செல்லாது! தாலி கட்டி வாழ்ந்த பெண்கள் சட்டப்படி மனைவி இல்லை என்று ஆனது. பெண்கள் வீட்டை விட்டு வெளியே வந்தது இதற்குப் பிறகுதான்.

எல்லை தாண்டிய பெண்கள்

காந்தியடிகளின் சத்தியாக்கிரகத்தில் அதுவரை ஆண்கள்தான் சிறைக்குப் போனார்கள். அவர்களில் நாகப்பன் என்ற 18 வயது தமிழ் இளைஞர் 1909இல் சிறைக் கொடுமையால் இறந்தார். 1913 அக்டோபரில் டிரான்ஸ்வால் பெண்கள் 11 பேர் முதல் அணியாகப் புறப்பட்டார்கள். கிட்டத்தட்ட எல்லாரும் தமிழ்ப் பெண்கள். அனுமதிச் சீட்டு இல்லாமல் நேட்டாலுக்குள் போய், நியூகாசில் சுரங்கத் தொழிலாளர்களைப் பார்த்து, வரியை எடுக்கும்வரை வேலைக்குப் போகாதீங்க என்று கேட்டுக்கொண்டார்கள். ஆயிரக்கணக்கான பேர் வேலையை நிறுத்திவிட்டார்கள்!

அந்த அணியைக் கைது செய்த பிறகு, அக்டோபர் 29இல் இரண்டாவது அணி கிளம்பியது. அதில் வள்ளியம்மையும் அம்மா மங்களமும் இருந்தார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்த வரி நேட்டாலில் ஒப்பந்தக் கூலியாக இருந்தவர்களுக்கு உள்ளது. வள்ளியம்மை ஜோகன்னஸ்பர்க் வியாபாரி மகள். அவர் ஒரு பென்னிகூடக் கட்ட வேண்டியதில்லை. பேசாமல் வீட்டிலேயே இருந்திருக்கலாம். முகம் தெரியாத கூலிக் குடும்பங்களுக்காகத்தான் போனார்.

வெளியே வர மறுத்தார்

டிசம்பர் 22இல் வள்ளியம்மைக்கு மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை கிடைத்தது. மாரிட்ஸ்பர்க் சிறையில் அடைத்தார்கள். 1893இல் காந்தியடிகளை ரயிலிலிருந்து இறக்கிவிட்ட அதே ஊர். சத்தியாக்கிரகப் பெண்களுக்கு அங்கே துணி துவைக்கிற வேலை. சாப்பாடோ வாயில் வைக்க முடியாது. வெளியிலிருந்து வாங்கிக்கொள்ளவும் அனுமதி இல்லை.

போன கொஞ்ச நாளிலேயே வள்ளியம்மைக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. முன்கூட்டியே விடுதலை செய்கிறோம் என்று அதிகாரிகள் சொன்னார்கள். வேண்டாம் என்று மறுத்துவிட்டார். எனக்கெல்லாம் லேசாகக் காய்ச்சல் அடித்தாலே பள்ளிக்கு லீவு லெட்டர் எழுதத் தோன்றும்!

1914 ஜனவரி 11இல் விடுதலையானார். அதற்குள் உடம்பு எலும்பும் தோலுமாகிவிட்டது. காந்தியடிகள் போய்ப் பார்த்தார். சிறைக்குப் போனதற்காக வருத்தப்படுகிறாயா என்று கேட்டார். வருத்தமே இல்லை, இப்போது கூப்பிட்டாலும் போவேன் என்றார் வள்ளியம்மை. செத்துப்போனால் என்று கேட்டதற்கு, தாய்நாட்டுக்காகச் சாக யாருக்குத்தான் விருப்பமிருக்காது என்று பதில் சொன்னாராம். இதைக் காந்தியடிகளே தன் தென்னாப்பிரிக்கச் சத்தியாக்கிரகப் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். தாய்நாட்டைப் பார்த்தே இராத பெண் அப்படிச் சொன்னார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

1914 பிப்ரவரி 22இல் இறந்தார். அன்றைக்கு அவருடைய பதினாறாவது பிறந்தநாள்.

அதன் பிறகு

அதே வருஷம் இந்தியர் நிவாரணச் சட்டம் வந்தது. மூன்று பவுன் வரி ஒழிந்தது. நம் திருமணங்களும் செல்லுபடியாயின. ஜூலை மாதம் ஊர் திரும்பும் முன், பிராம்ஃபோன்டைன் கல்லறைத் தோட்டத்தில் நாகப்பன், வள்ளியம்மை இருவருக்கும் எழுப்பிய நினைவுக் கற்களைக் காந்தியடிகள் திறந்து வைத்தார். 1915இல் தில்லையாடிக்கும் வந்தார். 2008இல் இந்திய அரசு வள்ளியம்மைக்குத் தபால்தலை வெளியிட்டது.

ஆனால் எல்லாக் கஷ்டமும் தீர்ந்துவிடவில்லை. ஒரு மாகாணத்திலிருந்து இன்னொரு மாகாணத்துக்கு இந்தியர்கள் இஷ்டப்படி போக முடியாத நிலை இன்னும் பல பத்தாண்டுகள் நீடித்தது. வள்ளியம்மை பெற்றுத் தந்தது பாதிதான். அந்தப் பாதிக்கு அவர் கொடுத்தது முழு உயிர்.

தோழிகளே, நமக்கு நேரும் கஷ்டத்துக்கு நாம் எல்லாரும் சத்தம் போடுவோம். பக்கத்து பெஞ்சுக்காரிக்கு நேரும் அநியாயத்துக்கு எழுந்து நிற்போமா? நான் இதுவரை நின்றதில்லை. இந்தக் கேள்வியோடுதான் முடிக்கிறேன்.



– பதினோராம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி