படியில் நிற்க வைத்த நரம்பு

மலருக்குக் கட்டுரை கேட்டதும் ஏதோ மெஷின் சமாசாரம் எழுதுவான் என்று நினைத்திருப்பீர்கள். நான் எழுதுவது ஒரு டாக்டரைப் பற்றி. காரணம் என் அப்பா.

சில வருஷம் முன்னால் மறைமலை நகரிலிருந்து திருக்கழுக்குன்றம் மலைக்குப் போனோம். ஐந்நூற்றுக்கு மேல் படிகள். பத்துப் படிக்கு ஒருதரம் அப்பா மூச்சு வாங்கி நின்றார். கால் எழும்பவே இல்லை என்றார். சோம்பல் என்று கடிந்துகொண்டு ஏற வைத்தேன். அடுத்த வாரம்தான், இதயக் கோளாறால் நுரையீரலில் நீர் கோத்திருப்பது தெரிந்தது. நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். என் மனசுதான் ஆறவில்லை. அப்போது படித்துத் தெரிந்துகொண்ட பெயர், டாக்டர் அவ்தார் சிங் பெயின்டல்.

1925-இல் பர்மாவில் பிறந்தவர். லக்னோவில் மருத்துவம், எடின்பரோவில் ஆராய்ச்சி. பிறகு டில்லி வல்லபபாய் படேல் மார்பு நோய் நிலையத்தில் நெடுங்காலம் இயக்குநர். 1981-இல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர்.

முழங்காலுக்குக் கீழே தட்டினால் கால் தானே உதறும் இல்லையா? மூளையைக் கேட்காமல் தண்டுவடமே போடும் உத்தரவு அது. நடக்கும்போது இந்த அனிச்சைச் செயல் ஒரே வேகத்தில் இருந்தால் கால் தடுமாறும். அதனால் அடிக்கு அடி அதைக் கூட்டிக் குறைத்தாக வேண்டும். நம்ம பாஷையில் கெயின் கன்ட்ரோல்.

நுரையீரலின் நுண் ரத்தக் குழாய்களை ஒட்டிய சில நரம்பு முனைகளை 1955-இல் பெயின்டல் கண்டறிந்தார். 'ஜே' ஏற்பிகள் என்று பின்னர் பெயரிட்டார். அங்கே நீர் கோத்தால் அவை விழித்துக்கொள்ளும். பூனைகளில் அவற்றைத் தூண்டியபோது முழங்கால் உதறல் அடங்கியது. அளவு மீறி உழைக்கும்போது காலை நிறுத்தி உடம்பைக் காப்பது இதுவே என்பது அவர் கருத்து. மோட்டார் சூடேறினால் ரிலே ட்ரிப் ஆகிற மாதிரி!

மனிதரிடம் அப்படித்தான் நடக்கிறதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பிந்தைய சோதனைகள் சில ஆதரிக்கவில்லை. இதை மறைத்தால் அவருக்கே பிடிக்காது. அறிவியல் நேர்மைக்காகச் சங்கம் அமைத்துப் போராடியவர் அவர். 2004-இல் மறைந்தார்.

அப்பாவை நிறுத்தியது எந்த நரம்போ, தெரியாது. ட்ரிப் ஆன ரிலேயைக் காரணம் பார்க்காமல் ரீசெட் பண்ணக் கூடாது என்று இதே கல்லூரியில்தான் படித்தேன். வீட்டில் மறந்துவிட்டேன். நீங்கள் மறக்காதீர்கள். பெரியவர்கள் படியில் நின்றால், நீங்களும் நில்லுங்கள்.