வரலாற்றில் இன்று: டிசம்பர் 6-ம் அயர்லாந்து விடுதலை வீரர் மைக்கேல் காலின்ஸும்

புதுடெல்லி, டிச. 6: அயர்லாந்தின் அரசியல் வரலாற்றில் டிசம்பர் 6 இருமுறை திருப்புமுனையாக அமைந்தது. 1921-ல் அந்நாளில் பிரிட்டனுடனான உடன்படிக்கை கையெழுத்தானது. ஓராண்டு கழித்து, 1922-ல் அதே நாளில் ஐரிஷ் சுதந்திர அரசு உதயமானது. உடன்படிக்கையில் கையெழுத்திட்ட மைக்கேல் காலின்ஸ், அரசு உதயமானதைக் காண உயிருடன் இல்லை.

1890 அக்டோபர் 16 அன்று கார்க் மாவட்டத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்த காலின்ஸ், தமது 15-வது வயதில் லண்டன் சென்று அஞ்சலக சேமிப்பு வங்கியில் பணியில் சேர்ந்தார். 1916-ல் தாயகம் திரும்பி, டப்ளினில் நடந்த ஈஸ்டர் எழுச்சியில் பங்கேற்றார். எழுச்சி ஒடுக்கப்பட்டபின் வேல்ஸில் உள்ள முகாமில் அடைக்கப்பட்டு, அவ்வாண்டின் இறுதியில் விடுதலையானார்.

1919-ல் அயர்லாந்து பிரதிநிதிகள் டப்ளினில் தனி நாடாளுமன்றம் அமைத்தனர். அதன் நிதியமைச்சராகப் பொறுப்பேற்ற காலின்ஸ், தேசியக் கடன் பத்திரங்கள் மூலம் நிதி திரட்டினார். விடுதலைப் படையின் உளவுப் பிரிவையும் அவரே வழிநடத்தினார்.

1921 ஜூலை 11-ல் போர்நிறுத்தம் ஏற்பட்டது. லண்டன் பேச்சுவார்த்தைக்குத் தலைவர் டி வலேரா செல்லவில்லை. ஆர்தர் கிரிஃபித் தலைமையிலான குழுவில் காலின்ஸ் தயக்கத்துடனேயே இடம்பெற்றார். கையெழுத்திட மறுத்தால் மீண்டும் போர் மூளும் என்று பிரிட்டன் பிரதமர் லாயிட் ஜார்ஜ் எச்சரித்தார். முழுக் குடியரசு கிடைக்கவில்லை. பேரரசுக்கு உட்பட்ட தன்னாட்சியே கிடைத்தது. நாடாளுமன்ற உறுப்பினர்கள் மன்னருக்கு விசுவாச உறுதிமொழி ஏற்க வேண்டும். வட அயர்லாந்து விலகி நிற்கலாம். இருப்பினும், முழு விடுதலையை அடைவதற்கான வழி இதுவே எனக் காலின்ஸ் கருதினார்.

1922 ஜனவரி 7-ல் 64-க்கு 57 என்ற வாக்குகளில் உடன்படிக்கை நிறைவேறியது. டி வலேரா அதை எதிர்த்தார். தற்காலிக அரசின் தலைவரானார் காலின்ஸ். ஜூன் இறுதியில் உள்நாட்டுப் போர் வெடித்தது. நேற்றுவரை தோளோடு தோள் நின்றவர்கள் எதிரெதிர் அணிகளில் நின்று சுட்டுக்கொண்டனர். ஆகஸ்ட் 22 அன்று தமது சொந்த மாவட்டமான கார்க்கில், பதுங்கியிருந்தவர்களின் தாக்குதலில் காலின்ஸ் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 31.

டிசம்பர் 6 அன்று சுதந்திர அரசு உதயமானது. மறுநாளே வட அயர்லாந்து அதிலிருந்து விலகும் முடிவை எடுத்தது. மன்னருக்கான உறுதிமொழி, டி வலேராவின் ஆட்சியில் 1933-ல் நீக்கப்பட்டது. 1949-ல் அயர்லாந்து குடியரசானது. காலின்ஸ் சுட்டிய வழியில், அவரை எதிர்த்தவர்களும் பயணிக்க நேர்ந்தது. ஆயினும், வட அயர்லாந்துப் பிரிவினை இன்றளவும் நீடிக்கிறது.